மாட்டு டாக்டருக்கு எள்ளுக் காப்பி

ஏப்ரல் 20, ஞாயிறு

வடிவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. நான் அமைக்கவில்லை, அவளே அமைத்துக்கொண்டாள். கூட்டுறவு வங்கியில் மாட்டுக் கடன் பார்க்கிறாள் என் மகள். கடனுக்கு வருகிற மாடு உயிரோடு இருக்கிறதா, பால் கறக்கிற மாடுதானா என்று சான்று கொடுக்க வருகிற கால்நடை மருத்துவர் மணிமாறன். இரண்டு வருஷமாக அவர் மாட்டை மட்டும் பார்க்கவில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் மனைவி செண்பகத்துக்கு எப்போதோ தெரியுமாம். இந்த வீட்டில் எந்தச் செய்தியும் எனக்குக் கடைசி பஸ்ஸில்தான் வந்து சேரும்.

எனக்குச் சந்தோஷம்தான். பையனுக்கு அம்பாசமுத்திரம். தாய் தகப்பன் இல்லை. பேராச்சியம்மாள் என்ற அத்தை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். மே 4ஆம் தேதி பாளையங்கோட்டைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். மாப்பிள்ளை பால் குடிப்பதில்லை. தயிர், மோர், நெய் எதுவும் கிடையாது. கன்றுக்குட்டிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தொண்டையில் இறங்காமல் போய்விட்டதாம். மாட்டு டாக்டர் பால் குடிக்கமாட்டார் என்றால், பஸ் டிரைவர் ரோட்டில் போகமாட்டேன் என்கிற மாதிரி. ராத்திரி தயிர்ச்சோற்றைப் பிசைந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெண் பார்க்க வருகிறவருக்கு என்ன காப்பி கொடுப்பது? அவர் கடுங்காப்பி குடிப்பார் என்றாள் வடிவு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடுங்காப்பி எந்த வீட்டில் கொடுப்பார்கள்? துக்க வீட்டில். வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, வந்தவர்களுக்குக் கடுங்காப்பி ஊற்றுவார்கள். என் மகளைப் பார்க்க வருகிறவருக்கு அதையா ஊற்றுவேன்?

அப்படியானால் ஜூஸ் கொடுங்கள் என்றாள் செண்பகம். பெண் பார்க்கிற இடத்தில் பெண் கையால் காப்பி கொடுப்பதுதான் முறை. ஜூஸ் கொடுப்பது ஆஸ்பத்திரியில். காப்பி விஷயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அறிவித்தேன். பால் இல்லாமல், ஆனால் பால் விட்ட மாதிரி கெட்டியாக, இந்த வெயிலுக்கு ஐஸ் போட்டு. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு ஒரு வேலை வேண்டாமா?

ஏப்ரல் 26, சனி

தேங்காய்ப்பால் விட்டுப் பார்த்தேன். சொதிக் குழம்பு வாசம் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில்தான் சொதி போடுவோம். மறுவீட்டுச் சாப்பாட்டைப் பெண் பார்க்கும்போதே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் ரொம்ப அவசரப்படுகிற குடும்பம் என்று நினைப்பார்கள். செண்பகம் அதில் உருளைக்கிழங்கைப் போட்டு மத்தியானத்துக்குச் சொதியாகவே ஆக்கிவிட்டாள். காப்பி நிறத்தில் சொதி. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 1, வியாழன்

பாதாமை அரைத்துப் பிழிந்த பால் காப்பியில் விழுந்ததும் திரிந்துபோனது. பேராச்சியம்மாளுக்குப் போன் போட்டு, நான்காம் தேதி தோதுப்படாது, மூன்று வாரம் போகட்டும் என்று சொன்னேன். காரணம் கேட்டார். வீட்டில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றேன். வெள்ளையடிக்கிறோம் என்று அவராக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வடிவு எழுந்து உள்ளே போனாள்.

மே 5, திங்கள்

போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வெளிநாட்டு அம்மாள் கண்ணில் பட்டார். எள்ளை வறுத்து விழுதாக அரைத்து, டிகாஷனில் கலந்து, ஐஸ் போட்டுக் குலுக்குகிறார். பார்த்தால் பால் காப்பி தோற்றுப்போகும். எள்ளைத்தானே நாம் இட்லிப் பொடியிலும் உருண்டையிலும் காலம்பூராவும் தின்கிறோம், இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று ஆத்திரம் வந்தது.

வீட்டில் கறுப்பு எள் இருந்தது. அரைத்துக் கலந்தேன். சிமெண்டுப் பால் மாதிரி ஒரு நிறம். செண்பகம் எட்டிப் பார்த்து, மொட்டைமாடியில் விரிசல் இருக்கிறது, அதில் ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 9, வெள்ளி

வெள்ளை எள் வாங்கிவந்தேன். தோலோடு அரைத்தால் கசக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கித் தோல் எடுத்தேன். அந்தத் தோல் மிதந்து, வழிந்து, சிங்க்கில், சுவரில், என் மூக்குக் கண்ணாடியில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. வறுத்து, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு அரைத்ததில் விழுது பிரமாதம். அதில் டிகாஷனை ஊற்றினேன். உடனே இறுகிக் களிமண் ஆகிவிட்டது. கரண்டியைப் பிடித்துத் தூக்கினால் பாத்திரமும் கூடவே வருகிறது.

மிக்ஸி புகைந்தது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவரை சட்னி கிடையாது என்று செண்பகம் சொல்லிவிட்டாள்.

மே 13, செவ்வாய்

காலையில் வடிவை வங்கியில் கொண்டுபோய் விட்டேன். அவளுடைய ஸ்கூட்டர் போன ஆனியிலிருந்து ஸ்டார்ட் ஆவதில்லை. பிளக்கைக் கழற்றி வைத்திருக்கிறேன், பார்க்க வேண்டும். அதுவரை என் வண்டியில் பின்னால் உட்கார்ந்துதான் வருகிறாள். எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

மே 16, வெள்ளி

ரகசியம் பிடிபட்டுவிட்டது. விழுதில் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட வேண்டும். வீம்பு பிடித்து இறுகும். பயப்படாமல் இன்னும் விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் திடீரென்று மனசு மாறி, வெளுத்து, இளகி வந்துவிடும். அதற்குப் பிறகுதான் கருப்பட்டிப் பாகும் ஆறின டிகாஷனும். ஐஸைக்கூட டிகாஷனிலேயே உறையவைத்துவிட்டால், உருகினாலும் காப்பி நீர்த்துப்போகாது.

பாட்டிலில் ஊற்றித் துண்டைச் சுற்றி மொட்டைமாடியில் நின்று குலுக்கினேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி ஆரம்பித்துவிட்டீர்களா, நல்லது என்றார். அது நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலாக இருந்ததால் காப்பி கெட்டுப்போனது. பாட்டிலை மாற்ற வேண்டும்.

மே 19, திங்கள்

இன்று காப்பி நன்றாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

நுரை போதாது என்று வீட்டில் சொல்லி இன்னும் மூன்று வாரம் தள்ளிவைத்தேன். போனில் பேராச்சியம்மாளின் குரல் மாறியிருந்தது. உங்கள் வீட்டில் வெள்ளையடித்து முடிந்ததா என்று கேட்டார். ஒரு கோட் பாக்கி என்றேன்.

ராத்திரி வடிவு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு அவங்களப் பிடிக்கலன்னா நேரா சொல்லிருங்க. காப்பி மேல பழியப் போடாதீங்க."

பிடித்திருக்கிறது என்று சொன்னேன். உண்மைதான். போன வாரம் வங்கி வாசலில் மணிமாறனைப் பார்த்தேன். யாருடைய மாடோ அவர் காலை நக்கிக்கொண்டிருக்க, அது நக்கி முடிக்கும்வரை நகராமல் நின்றுகொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஆளை எப்படிப் பிடிக்காமல் போகும்? அதனால்தான் அவருக்குக் கொடுக்கிற காப்பி அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்கிறேன். இதை யாரும் புரிந்துகொள்வதில்லை.

மே 26, திங்கள். அமாவாசை

அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கலாம் என்று டப்பாவைத் திறந்தால் ஒரு எள்கூட இல்லை. கறுப்பும் போயிற்று, வெள்ளையும் போயிற்று, எல்லாம் காப்பிக்கு. கடையும் திறந்திருக்கவில்லை. காப்பியில் எள் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தேதானே இருக்கிறது என்று ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்து மாடியில் வைத்தேன்.

ஒரு காக்கை வந்து குடித்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மறுபடியும் குடித்தது. ஐஸ் கட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்துபோய், நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது. அப்பா ஒருநாளும் என் காரியம் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மனசு நிறைந்துவிட்டது. கீழே வந்து செண்பகத்திடம் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பாவையா என்னையா என்று தெரியவில்லை.

மே 29, வியாழன்

பேராச்சியம்மாள் செண்பகத்தைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார். வைகாசி முடிவதற்குள் பெண்ணைக் காட்டினால் உண்டு. இல்லாவிட்டால் அவருடைய நாத்தனார் மகளைப் பேசிவிடுவார். வளர்த்த அத்தை சொல்லை மணிமாறன் தட்டமாட்டார், தட்டச் சொல்லவும் மாட்டேன் என்று வடிவு சொல்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கொட்டைப் பாக்கு அளவு ஐஸா, பெரிய கட்டியா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

மத்தியானம் தூங்கி எழுந்து வந்தால், செண்பகம் சமையலறையில் நின்று என் பாட்டிலிலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது டம்ளர். மேல் உதட்டில் நுரை.

"ஏங்க, நல்லாத்தான இருக்கு. எத்தன நாளா இப்படி வருது?"

இன்றைக்குத்தான் ஏதோ தற்செயலாக வந்தது என்றேன். அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். பின்வரிசையில் இருந்த மற்ற பாட்டில்களையும் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் ருசியும் பார்த்திருக்கிறாள்.

"பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து இருந்து, வண்டிய நிறுத்தி வைக்கத்தான் உங்களுக்குத் தெரியும். இது வண்டி இல்ல, நம்ம பிள்ள. அவ மனசு ஒடிஞ்சு இந்த வீட்டுலயே கெடந்தா, அதத் தினம் பாத்துக்கிட்டு ஒங்களால இருக்க முடியுமா?"

நேரத்துக்கு முன்னால் வண்டி கிளம்பினால் பின்னால் ஓடிவருகிற பயணி என்ன ஆவார் என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். ஓடிவருகிற பயணி யார் என்று கேட்டாள். நான் வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையிலேயே ஊற்றிய செடி.

திரும்பி வந்தபோது அவளே அம்பாசமுத்திரத்துக்குப் போன் பேசி முடித்திருந்தாள். வருகிற ஞாயிறு.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரை மணிக்குக் கார் வந்தது. மணிமாறன், பேராச்சியம்மாள், கூட இரண்டு உறவுக்காரர்கள். பேராச்சியம்மாள் உட்கார்ந்ததும் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வெள்ளை எங்கே அடித்தீர்கள் என்று கேட்கவில்லை. பெரிய மனுஷி.

கேசரி, பஜ்ஜி எல்லாம் நெய் படாமல் செய்திருந்தாள் செண்பகம். பிறகு வடிவு காப்பியோடு வந்தாள். நீலப்புடவை. கண்ணாடி டம்ளர், அடியில் வெளுப்பும் மேலே கருப்பட்டி நிறமுமாக, நுரை கட்டி, ஐஸ் மிதக்க. இப்படி ஒரு காப்பி இந்த ஜில்லாவில் யார் வீட்டிலும் இருந்திருக்காது. பேராச்சியம்மாள்கூட, பால் இல்லாமலா இப்படி என்று வாயைத் திறந்தார். நான் பெருமை தாங்காமல், பாலே கிடையாதும்மா, அத்தனையும் எள்ளு என்று சொல்லிவிட்டேன். பெருமைதான் காரணம், வேறொன்றும் இல்லை. செண்பகம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

வடிவு நீட்டினாள். மணிமாறன் கை நீட்டினார். பேராச்சியம்மாள் நடுவே கையை வைத்துத் தடுத்தார்.

"எள்ளக் கையோட கை வாங்கக் கூடாது, ராசா. கொடுத்தவுகளுக்கும் வாங்கினவுகளுக்கும் ஒறவு முறிஞ்சிரும். கீழ வைக்கச் சொல்லு."

எள், உப்பு, எண்ணெய் எதையும் கையில் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அரைத்து, கரைத்து, ஐஸ் போட்ட பிறகும் அது எள்ளாகவே இருக்குமா என்று நான் யோசிக்கவில்லை. மணிமாறன், அத்தை, இது காப்பி என்று மெல்லச் சொன்னார். எவ்வளவு வெல்லம் போட்டு உருட்டினாலும் எள்ளுருண்டை எள்ளுருண்டைதானே என்றார் அத்தை. கூட வந்தவர்களில் ஒருவர், எண்ணெயில் சுட்ட பஜ்ஜியைக் கையில் வாங்கினோமே, அது என்ன கணக்கு என்றார். அவரை இன்னொருவர் அடக்கினார்.

சரி, கீழே வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. பெண் கையால் கொடுத்து மாப்பிள்ளை கையால் வாங்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தால், எடுத்துக் குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள் என்று அர்த்தம் என்றாள் செண்பகம். அதையும் பேராச்சியம்மாள் ஒத்துக்கொண்டார். அவர் வாக்குவாதத்துக்கு வந்தவர் இல்லை, பயந்துபோயிருந்தார். தாயில்லாமல் வளர்த்த பிள்ளை, இந்த உறவாவது நிலைக்க வேண்டுமே என்ற பயம். அப்படியானால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம், சகுனம் சரியில்லை, ஆடி போய் ஆவணியில் பார்ப்போம் என்று நான் சொன்னால் போதும். யாரும் என்மேல் குற்றம் சொல்லியிருக்க முடியாது. இத்தனை நாள் தள்ளிவைத்ததற்கு ஒவ்வொரு காரணமாகத் தேடிப் பிடித்தவன் நான். இன்றைக்கு அது தானாக வீடு தேடி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வடிவு டம்ளரை நீட்டியபடியே நின்றாள். ஐஸ் உருகி, டம்ளரின் ஈரம் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவேயில்லை. நான் என்ன சொல்வேன் என்று அவளுக்குத் தெரியும் என்கிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் பிள்ளை என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் நின்றதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

எழுந்தேன். கொண்டா இங்கே என்று அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கினேன். மணிமாறனுக்கு நேரே நீட்டினேன்.

"எங்கிட்டேருந்து வாங்குங்க மாப்பிள்ள. முறியிறது நமக்குள்ள முறியட்டும். மாமனும் மருமகனும் எப்படியும் ஒருநாள் சண்ட போடத்தான போறோம்."

பேராச்சியம்மாள் முதலில் திகைத்தார். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் வீடே சிரித்தது. மணிமாறன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். கீழே தங்கிய விழுதை விரலைவிட்டு வழித்துச் சாப்பிட்டார். நல்ல பையன். ஆவணியில் கல்யாணம். நாள் குறித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஜூன் 9, திங்கள்

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே செண்பகம் கேட்டாள். நீங்கள் மாப்பிள்ளைக்குக் கொடுத்தது சரி, அதற்கு முன்னால் வடிவு கையிலிருந்து நீங்கள் வாங்கினீர்களே, அது என்ன கணக்கு?

நேற்று அந்த நேரத்தில் அது என் புத்தியில் ஏறவே இல்லை. அவசரத்தில் வாங்கினது கணக்கில் வராது என்று சொன்னேன். அவள் தண்ணீரை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். நான் குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். எள்ளுத் தோல் கண்ணில் பட்டுவிட்டது என்று வெளியே வந்து சொன்னேன்.

வடிவு வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையில் பூ. ஒரு மாசத்துக்கு மேலாகக் காணாமல் போயிருந்த பாட்டு ஒன்று வாயில் முணுமுணுப்பாக வந்திருந்தது. "அப்பா, அந்தக் காப்பி மிச்சம் இருக்கா? நேத்து எனக்கு ஒரு வாய்கூடத் தரல நீங்க" என்றாள்.

இருந்தது. ஊற்றினேன், ஐஸ் போட்டேன், நுரை பொங்கக் குலுக்கிக் கொண்டுவந்தேன். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. டம்ளரை மேஜைமேல் வைத்து, ஒரு விரலால் அவள் பக்கமாக நகர்த்தினேன்.